விடுமுறை நாடகம் பார்க்கக் கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வாருங்கள்

மழைத்துளி
ஞாயிறு, காலை 7.15

நண்பர்களே, நேற்று நடந்தது மனதை விட்டுப் போகவே இல்லை. எழுதினால் கொஞ்சம் ஆறும் என்று வருகிறேன்.

விடுமுறைக்காக நடக்கும் சிறுவர் இசை நாடகத்துக்கு மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்திருந்தோம். என் மகளுக்கு எட்டு வயது. முதல் பாதி முடியும்போது எல்லோரும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு அந்த நாடகத்தில் உண்டு. அதை எப்படியோ கற்றுக்கொண்டு, குளிக்கும்போதும் தலை பின்னும்போதும் அதையே பாடிக்கொண்டிருந்தாள். அட்டையை வெட்டி, தங்கத்தாள் ஒட்டி, அவளே ஒரு கிரீடமும் செய்து வைத்திருந்தாள்.

மாலை 4 மணிக்குக் காட்சி. அரங்கம் 120 கிலோமீட்டர் தூரத்தில். இரண்டரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அரை மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1 மணிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் பின்பக்க டயர் பஞ்சர். டிக்கியிலிருந்த சாமான்களை எல்லாம் ரோட்டோரம் இறக்கி வைத்து ஸ்டெப்னியை எடுத்தால், அதிலும் காற்று இல்லை. கையால் அழுத்தினாலே அமுங்கியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வழியாக வந்த ஒரு லாரி ஓட்டுநர் நிறுத்தி, தன் வண்டியிலிருந்தே குழாய் போட்டு ஸ்டெப்னிக்குக் காற்றடித்துக் கொடுத்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம், அது இன்னும் உறுத்துகிறது.

முக்கால் மணி நேரம் போனது. அரங்கத்தை எட்டியது 4.15க்கு. உள்ளே வண்டி நிறுத்த இடம் இல்லை. இரண்டு சுற்று சுற்றி, ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தபோது மணி 4.35. தாமதமாக வருகிறவர்களை உள்ளே அனுப்பும் நேரம் 4.30க்கே முடிந்துவிட்டது, இனி 5.05க்கு இடைவேளையில்தான் விடுவோம் என்றார்கள்.

அரை மணி நேரம் அந்த மூடிய கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும், கைத்தட்டல் கேட்கும். கடைசியில் அந்தப் பாட்டும் வந்தது. மகள் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி மெல்லிய குரலில் முழுப் பாட்டையும் கூடவே பாடினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இரண்டாம் பாதி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்கிறேன்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? ஐந்து நிமிடத்துக்காகக் கதவை மூடி வைப்பது சரியா? அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?


நெடுஞ்சாலை
ஞாயிறு, காலை 8.02

சகோதரி, படிக்கும்போதே வருத்தமாக இருந்தது. இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டெப்னியில் காற்று இல்லாமல் போவது மிகச் சாதாரணமாக நடப்பது. ஓட்டை எதுவும் வேண்டாம், ரப்பர் வழியாகவே மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்த அளவு) கசிந்துகொண்டே இருக்கும். ஓடுகிற நான்கு சக்கரத்துக்கும் காற்றடிக்கும்போது டிக்கியில் கிடப்பதை யாரும் நினைப்பதில்லை. இரண்டு வருடம் தொடாமல் விட்டால் பாதிக் காற்றுகூட மிஞ்சாது. சில கார்களில் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி கொடுப்பார்கள். அதற்கு 60 பிஎஸ்ஐ வரை தேவைப்படும், அதை மாட்டிக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு விவரமும் டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

விடுமுறைப் பயணத்தில் பஞ்சர் அதிகமாக வருவதற்குக் காரணமும் இருக்கிறது. ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள், வெயிலில் நீண்ட ஓட்டம். காற்று குறைந்த டயர் அந்தப் பாரத்தில் மடங்கி மடங்கி நிமிரும்போது சூடேறிவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஐந்து சக்கரத்தையும் பார்த்துவிடுங்கள். ஐந்து என்று அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. சக்கரம் மாற்றும்போது ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், நட்டு அசையாது. அவசரத்தில் எல்லோரும் செய்கிற தவறு இது. அதைவிட முக்கியம், குழந்தைகளை வண்டிக்குள் உட்கார வைக்காமல் ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள்.


மூன்றாவது மணி
ஞாயிறு, காலை 9.30

மழைத்துளி, நான் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன். பல வருடம் மேடை நிர்வாகியாக வேலை பார்த்தவன். உங்கள் மகள் கதவைப் பார்த்துப் பாடினாள் என்ற வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உங்களைக் குறை சொல்ல வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். திரை விலகுவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் நேரக் கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் மேடை வழக்கில் 'அரை மணி' என்று ஓர் அறிவிப்பு உண்டு. அது உண்மையில் 35 நிமிடம் முன்பே வரும். முதல் காட்சியில் வருகிறவர்கள் 5 நிமிடம் முன்னதாகத் தங்கள் இடத்தில் நிற்க வேண்டும் என்பதால், அந்த ஐந்து நிமிடத்தைக் கழித்துத்தான் எல்லா அறிவிப்பும். 'கால் மணி' 20 நிமிடம் முன்பு, 'ஐந்து' 10 நிமிடம் முன்பு. நடிகர் அந்த 'அரை மணி'க்குள் வந்து பெயரைக் குறிக்கவில்லை என்றால் மாற்று நடிகரைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுவோம். அவ்வளவு கறாரான ஓட்டம்.

விடுமுறை நாளில் வழியெல்லாம் நெரிசல் என்று தகவல் வந்தால் ஐந்து நிமிடம், மிஞ்சிப் போனால் பத்து நிமிடம் தள்ளி ஆரம்பிப்போம். அதற்கு மேல் முடியாது. அன்றே மாலை இன்னொரு காட்சி இருக்கும். நடிக்கும் சிறுவர்கள் இத்தனை மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது என்று பல இடங்களில் சட்டமே இருக்கிறது. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டிய பார்வையாளர்களும் அரங்கில் இருப்பார்கள்.

தாமதமாக வருகிறவர்களுக்கான இடைவெளி எங்கே என்பதை ஒத்திகையின்போதே இயக்குநரோடு பேசி முடிவு செய்துவிடுவோம். ஒரு பாட்டு முடிந்து கைத்தட்டல் எழும் இடம், அல்லது மேடையில் வெளிச்சம் அதிகமாக இருக்கும் இடம். பக்கவாட்டு வழியில் நடிகர்கள் ஓடி வரும் காட்சி இருந்தால் அந்த நேரத்தில் அந்தக் கதவைத் திறக்கவே முடியாது. இருட்டில் ஓடி வருகிற நடிகர் மேல் ஒரு குழந்தை மோதினால் இருவருக்கும் அடிபடும்.

இதைச் சொல்லும்போது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம், ஆனாலும் அடுத்த முறைக்கு உதவும். பஞ்சருக்கு முக்கால் மணி நேரம் போன பிறகும் 4.15க்கு நீங்கள் அரங்க வாசலில் இருந்தீர்கள். 4.30 இடைவெளிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. உங்களைத் தோற்கடித்தது பார்க்கிங்தான். ஒருவர் குழந்தையோடு வாசலில் இறங்கி, மற்றவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தால் மகள் உள்ளே இருந்திருப்பாள்.


மழைத்துளி
ஞாயிறு, காலை 9.58

அது எங்களுக்குத் தோன்றவே இல்லை ஐயா. எல்லோரும் சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும் என்ற எண்ணம். டிக்கெட் மூன்றும் என் கணவரின் போனில் இருந்தது, ஓட்டியதும் அவர்தான். நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. சொன்னதற்கு நன்றி.


நள்ளிரவு ரயில்
ஞாயிறு, காலை 11.20

டிக்கெட் போனில் இருந்தது என்றதும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்ததற்காக ஒரு நடன நாடகத்துக்கு அழைத்துப் போனேன். ரயிலில் போனால் நிம்மதி என்று ரயில். அரங்கம் இருக்கும் ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால், வயல்வெளி நடுவே, சிக்னல் விழாமல் வண்டி நின்றது. பத்து நிமிடம், இருபது, நாற்பது. முன்னால் போன ஒரு சரக்கு வண்டியில் கோளாறாம். இது சரியாகப் பத்து நிமிடத்தில் கிளம்புமா, இரண்டு மணி நேரம் ஆகுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு சித்திரவதை இல்லை. இறங்கவும் முடியாது. அந்த நாற்பது நிமிடமும் நான் போனை விடவில்லை. வரைபடம் பார்த்தேன், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தேன், அண்ணனிடம் பேசினேன். ஊருக்குள் போய் ஆட்டோ பிடித்து அரங்கத்தில் இறங்கும்போது பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டது. டிக்கெட் அதற்குள்.

நல்ல வேளை, பாக்ஸ் ஆபீஸில் இருந்த பெண் நிதானமானவர். முன்பதிவு செய்த பெயர், கட்டணம் செலுத்திய அட்டையின் கடைசி நான்கு எண், என் அடையாள அட்டை மூன்றையும் சரிபார்த்து உள்ளே அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன் நான் அங்கே நின்று பதறியது ஐந்து நிமிடம்.

அன்றிலிருந்து டிக்கெட்டைக் காகிதத்தில் அச்சடித்து அம்மாவின் கைப்பையில் ஒன்று, என் சட்டைப்பையில் ஒன்று. பழைய வழக்கம்தான், ஆனால் காகிதத்துக்குப் பேட்டரி தேவையில்லை.


வெள்ளிவிளக்கு
ஞாயிறு, பகல் 1.05

மேடை நிர்வாகி ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பணம் கொடுத்து, மூன்று மாதம் காத்திருந்து வந்த எட்டு வயதுக் குழந்தை. கடைசி வரிசை ஓரமாக ஒரு நாற்காலி கொடுத்து உட்கார வைத்தால் யாருக்கு என்ன இடைஞ்சல்? விடுமுறைக் காட்சி என்றாலே பாதிப்பேர் குழந்தைகள். அவர்களே நடுவில் பேசுகிறார்கள், எழுந்து போகிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள். அங்கே ஒரு கதவு திறப்பதால் என்ன கெட்டுவிடும்? இவ்வளவு கண்டிப்பு பெரியவர்களின் நாடகத்துக்குச் சரி. சிறுவர் நாடகத்துக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.


கைவிளக்கு
ஞாயிறு, பகல் 2.40

வெள்ளிவிளக்கு, நான் அரங்கில் இருக்கை காட்டும் வேலை செய்தவள். உங்கள் கேள்வி நியாயமானது, நானும் முதல் வாரம் அதையே கேட்டேன்.

வெளியே பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வரும் ஒருவரின் கண் உடனே பழகாது. ஓரளவு தெரியவே ஐந்து பத்து நிமிடம் ஆகும், முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம். அரங்கின் நடைபாதை பெரும்பாலும் படிக்கட்டு, அதுவும் ஒவ்வொரு படியும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு தாத்தா என் கண் முன்னாலேயே மூன்று படி உருண்டார். பேரனின் கையைப் பிடித்திருந்ததால் பேரனும் விழுந்தான். அன்றிலிருந்து மேடையில் வெளிச்சம் வராமல் யாரையும் நான் அழைத்துப் போனதில்லை.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று எனக்கும் உடன்பாடு. கதவுக்கு வெளியே நிற்க வைக்கும் அரை மணி நேரத்தில் அரங்கம் அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். சில இடங்களில் வெளிக்கூடத்தில் ஒரு திரை வைத்து மேடையை நேரலையாகக் காட்டுவார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் அது இல்லை. நான் குழந்தைகளை உட்கார வைத்து, இதுவரை நடந்த கதையைச் சொல்லுவேன். இளவரசி இப்போது காட்டில் இருக்கிறாள், உள்ளே போனதும் முதலில் பச்சை விளக்கு தெரியும், பயப்படாதே என்று. உள்ளே போனதும் அவர்கள் கதைக்குள் சட்டென்று இறங்கிவிடுவார்கள். மழைத்துளியின் மகளுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.


வெள்ளிவிளக்கு
ஞாயிறு, பகல் 3.10

படிக்கட்டு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தாமத இடைவெளி எத்தனை மணிக்கு என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடலாமே? 4.30 என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த அம்மா பார்க்கிங்கில் சுற்றியிருக்கவே மாட்டார்.


மூன்றாவது மணி
ஞாயிறு, பகல் 3.25

இது நல்ல யோசனை. அச்சிடுவதில்லை, ஆனால் போன் செய்து கேட்டால் சொல்லிவிடுவார்கள். வழியில் மாட்டிக்கொண்டதும் முதல் போன் அரங்கத்துக்குத்தான் போக வேண்டும். எத்தனை பேர், எந்த இருக்கை, எத்தனை மணிக்கு வர முடியும் என்று சொல்லுங்கள். வாசலில் ஒருவரை நிற்க வைக்கவும், ஓரத்து இருக்கையை ஒதுக்கி வைக்கவும் அவர்களால் முடியும். சில அரங்கங்களில் அதே நாளின் அடுத்த காட்சியில் இடம் இருந்தால் மாற்றியும் கொடுப்பார்கள். காட்சி தொடங்கும் முன் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம், தொடங்கிய பிறகு கேட்டால் மிகக் குறைவு.


பஞ்சவர்ணம்
ஞாயிறு, மாலை 5.50

எங்கள் கதையில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். ஆனாலும் என் மகன் நாடகத்தைப் பார்க்கவில்லை.

அவனுக்கு மலைப்பாதையில் குமட்டல் வரும். போன முறை பாதி வழியில் சட்டையெல்லாம் வாந்தி எடுத்து, மாற்றுத் துணி இல்லாமல் தவித்தோம். அதனால் இந்த முறை மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கிளம்பும் முன் கொடுத்தேன். குமட்டல் வரவில்லை. ஆனால் அந்த வகை மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. விளக்கு அணைந்தது, பையன் என் தோளில் சாய்ந்தான். யானை வந்தது, நெருப்பு மாதிரி துணி பறந்தது, அரங்கமே கத்தியது, அவன் அசையவில்லை. எழுப்பினால் கண்ணைத் திறந்து "ஆரம்பிச்சிடுச்சா அம்மா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டான்.

திரும்ப மருத்துவரிடம் போனபோது அவர் விளக்கினார். உள்காது உடம்பு அசைகிறது என்று சொல்லும், கையிலுள்ள புத்தகத்தையோ போனையோ பார்க்கும் கண் அசையவில்லை என்று சொல்லும். இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல். அதனால் குழந்தையை ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்க வைப்பது, போனைக் கொடுக்காமல் இருப்பது, காற்று வர விடுவது ஆகியவற்றை முதலில் செய்து பாருங்கள் என்றார். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கொஞ்சம் நடக்க விடுகிறோம். பயண நேரம் கூடுகிறது, ஆனால் மாத்திரை தேவைப்படவில்லை. மாத்திரை கட்டாயம் என்றால், அதைக் காட்சி இல்லாத ஒரு நாளில் ஒருமுறை கொடுத்து, குழந்தை எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.


இரட்டைவழி
ஞாயிறு, இரவு 8.15

நாங்கள் சரியான நேரத்துக்குத் தவறான அரங்கத்தில் இருந்தோம். ஒரே நிர்வாகத்தின் இரண்டு அரங்கங்கள், இரண்டுக்கும் ஒரே பெயர், ஒன்றின் பின்னால் மட்டும் 'சிற்றரங்கம்' என்று சேர்த்திருக்கும். வரைபடத்தில் பெயரைத் தட்டியதும் முதலில் வந்ததை அழுத்திவிட்டேன். ஆறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வாசலில், குழந்தைகளே இல்லாத ஒரு கூட்டத்தின் நடுவே நின்றபோதுதான் சந்தேகம் வந்தது.

வாசல் காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இங்கே இல்லைங்க" என்றார். அந்த ஒரு வரிக்கு வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இருபத்தைந்து நிமிடம் தாமதம். இப்போதெல்லாம் பெயரைத் தட்டுவதில்லை, டிக்கெட்டில் உள்ள தெரு முகவரியைத் தட்டுகிறேன்.


தூரிகை
திங்கள், காலை 6.40

எத்தனை நிமிடம் தாமதம் என்பதோடு, அந்த நிமிடங்களில் மேடையில் என்ன போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு இது நட்கிராக்கர் பாலேயில் புரிந்தது. 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் மேடையேறியது, உலகமெங்கும் விடுமுறைக்கென்றே ஆடப்படுவது. அதில் கிறிஸ்துமஸ் மரம் மேடையில் வளர்ந்து உயர்வது, எலிகளோடு சண்டை, பனி நடனம் எல்லாமே முதல் அங்கத்தில்தான். இரண்டாம் அங்கம் இனிப்புகளின் நாட்டில் நடக்கும் நடனங்கள். என் தங்கை மகள் மரம் வளர்வதைப் பார்க்கத்தான் வந்தாள். விமானத்தால் தாமதமாகி இடைவேளையில் உள்ளே போனோம். கண்ணுக்குக் குளிர்ச்சியான ஒரு மணி நேரம், ஆனால் "மரம் எப்போ வரும் பெரியம்மா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கைவிளக்கு சொன்னதைப் போல, உள்ளே போகும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மரம் முடிந்துவிட்டது, இனி வருவது இது என்று. குழந்தைகள் உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள். காத்திருக்க வைப்பதுதான் கொடுமை.


கதவோரம்
திங்கள், காலை 9.10

தூரிகை, விமானம் ஏன் தாமதம்? மூடுபனியா? எங்களுக்கும் அதே. முந்தின இரவு வானம் துப்புரவாக இருந்தது, நட்சத்திரமெல்லாம் தெரிந்தது, நாளை பிரச்சினை இல்லை என்று தூங்கினோம். உண்மையில் அப்படித் தெளிந்த, காற்றடிக்காத இரவில்தான் தரை வேகமாகக் குளிர்ந்து விடியலில் மூடுபனி கட்டுமாம். வெயில் ஏறினால் கலையும். ஆனால் மூடுபனியில் விமானங்களை இடைவெளி விட்டு விட்டுத்தான் இறக்குவார்கள். அதனால் காலையில் தேங்கிய வரிசை மதியம் பனி கலைந்த பிறகும் தீராது. எங்கள் விமானம் பகல் 12 மணிக்கு. பனி 10 மணிக்கே போய்விட்டது. நாங்கள் கிளம்பியது 3.30.

காட்சி நாளன்று விமானத்தில் போவதை நிறுத்திவிட்டேன். முந்தின நாள் போய்த் தங்குகிறோம். செலவுதான். முடியாதவர்கள் அன்றைய முதல் விமானத்தை விட இரண்டாவதையோ மூன்றாவதையோ பிடிப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் விமானம் தாமதமானால் அன்றைக்கே இன்னும் சில விமானங்கள் மிச்சம் இருக்கும். கடைசியைப் பிடித்தால் எதுவும் மிச்சமில்லை.


சலங்கை
திங்கள், பகல் 12.30

நான் ஆடுகிறவள். வழியில் மாட்டிக்கொள்வது பார்வையாளர்கள் மட்டும் இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

ஒரு விடுமுறை நிகழ்ச்சிக்கு நாங்கள் பதினான்கு பேர் பறந்து போனோம். ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், உடைப்பெட்டிகளில் இரண்டு வரவில்லை. பெல்ட்டில் பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பெல்ட் நின்றுபோன அந்தக் காட்சி கண்ணிலேயே நிற்கிறது. மாலை 6 மணிக்கு மேடை. கிடைத்த நேரத்தில் ஆசிரியர் எங்களை உட்கார வைத்து, யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒருத்தியின் துப்பட்டா நதியானது. என் ஒத்திகைப் புடவை வேடனின் மேலாடையானது. இருந்த உடைகளை வேகமாக மாற்றிக்கொள்ள ஓரத்தில் இருவர் ஊசியும் நூலுமாக நின்றார்கள். அன்றைக்கு மாதிரி நாங்கள் என்றைக்கும் ஆடவில்லை.

பெட்டி வராவிட்டால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்கேயே புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் இடங்களில், பெட்டி தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், சேதமாகியிருந்தால் 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். எங்களில் ஒருத்தி நிகழ்ச்சி முடிந்த அசதியில் அதை விட்டுவிட்டாள். கிழிந்த உடைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சலங்கையைப் பெட்டியில் போடுவதே இல்லை இப்போது. கைப்பையில் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். சோதனையில் ஒவ்வொரு முறையும் எடுத்துக் காட்டச் சொல்வார்கள், காட்டுகிறேன்.


நள்ளிரவு ரயில்
திங்கள், பகல் 1.00

துப்பட்டா நதியானது என்ற வரிக்கே உங்களுக்கு ஒரு கைத்தட்டல். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.


மழைத்துளி
திங்கள், இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இவை எல்லாவற்றையும் கணவரோடு உட்கார்ந்து படித்தேன். ஒன்று தெளிவாகத் தெரிந்தது. 120 கிலோமீட்டரை நாங்கள் நிமிடம் நிமிடமாகத் திட்டமிட்டிருந்தோம். அரங்க வாசலிலிருந்து இருக்கைவரை ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. பார்க்கிங், பை சோதனை, கழிப்பறை வரிசை, படிக்கட்டு எதுவுமே கணக்கில் இல்லை.

இந்த நாடகம் இன்னும் இரண்டு வாரம் நடக்கிறது. கடைசி வாரத்தில் மூன்று இருக்கை ஓரமாகக் கிடைத்தது. எடுத்துவிட்டோம். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.


நெடுஞ்சாலை
திங்கள், இரவு 10.05

ஐந்து சக்கரம், சகோதரி.


மழைத்துளி
பதின்மூன்று நாள் கழித்து, ஞாயிறு, காலை 8.20

பார்த்தோம்!

ஐந்து சக்கரத்துக்கும் முந்தின நாளே காற்றடித்தாகிவிட்டது. டிக்கெட் காகிதத்தில், மூவரிடமும் ஒவ்வொன்று. 11 மணிக்கே கிளம்பினோம், வழியில் எதுவும் நடக்கவில்லை. மகளும் நானும் வாசலில் இறங்கிக்கொண்டோம், அவர் வண்டியை நிறுத்தப் போனார். முதல் மணி அடிப்பதற்கு வெகு முன்பே மூவரும் இருக்கையில். கிரீடத்தில் ஒரு முனை மடங்கியிருந்ததால் செலோடேப் ஒட்டியிருந்தாள்.

தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். ஒரு பாட்டு முடிந்து எல்லோரும் கைத்தட்டும்போது பின்கதவு திறந்தது. கைவிளக்கு ஒன்று தரையைத் தடவிக்கொண்டே வந்தது. ஓர் அப்பாவும், மகளைவிடச் சின்னப் பையன் ஒருவனும். எங்கள் வரிசையின் அடுத்த இரண்டு இருக்கைதான் அவர்களுடையது. நாங்கள் காலை மடக்கி வழி விட்டோம். பையனுக்கு மூச்சு வாங்கியது, சட்டை முழுக்க வியர்வை.

மகள் அவன் பக்கம் சாய்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, "ராஜாவுக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ கோவிச்சுக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டா. பாட்டு இன்னும் வரல" என்றாள்.